இரண்டு ஏக்கர் செம்மண்ணில் மூன்று ஸ்காட்லாந்துக் குழிகள் வெட்டுவது எப்படி

கோல்ஃப் மைதானம் போடப் போகிறேன் என்றதும் எங்கள் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏல, கெணத்துல தண்ணி கெடக்கா?" என்பதுதான். சரியான கேள்வி. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பந்து எந்த வழியாகப் போனால் நல்லது, எந்த வழியாகப் போனால் வினை, அதை அடிக்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் பள்ளம் தோண்டினால் கடைசியில் பள்ளம் மட்டும்தான் மிஞ்சும். நான் அப்படி ஒன்று தோண்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஊர் திசையன்விளைக்குப் பக்கம். வளைகுடாவில் ஒன்பது வருஷம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தேன். விளையாட இல்லை, புல் வெட்ட, கிரீன் உருட்ட, விடிவதற்கு முன்னால் எழுந்து குழியை இடம் மாற்ற. திரும்பி வரும்போது பெட்டியில் பந்தை அடிக்கிற ஒரு பழைய செவன் அயர்ன் மட்டை, கிரீனில் பந்தை உருட்டித் தள்ளுகிற பட்டர் மட்டை ஒன்று, அறுபது எழுபது பந்து. முழு 18 குழி மைதானம் என்றால் நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நம்மிடம் இருப்பது அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் செம்மண், அதில் இருபத்திரண்டு பனை, மேற்கு ஓரத்தில் உடை என்கிற முள்மரங்கள். இதில் மூன்று சின்னக் குழிகள் தாராளமாக வரும்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு நாலு வார்த்தை. அடிக்கத் தொடங்கும் இடம் டீ. கொடியும் குழியும் இருக்கிற, ஒட்ட வெட்டிய புல்தரை கிரீன். மணல் பள்ளம் பங்கர். நடுவில் கிடக்கும் புல் ஃபேர்வே. டீயிலிருந்து கொடி வரைக்கும் உள்ள மொத்த நீளத்தையும் 'குழி' என்றே சொல்வார்கள், அதனால் குழம்ப வேண்டாம்.

முதலில் நிலம். கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்துக் கரையில் லிங்க்ஸ் என்று ஒரு நிலம் உண்டு. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, ஏர் பூட்ட ஆகாத மணல் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும், ஆடு மேய்க்கத்தான் லாயக்கு. படிக்கும்போதே நம்ம தேரி மாதிரி இல்லை? காற்று கொண்டுவந்து குவித்த மணல்தான் அங்கேயும் இங்கேயும், அவர்களுடையது வெளிர் நிறம், நம்முடையது குங்குமச் சிவப்பு. 1457லேயே, ஜனங்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இதையே ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்து பாராளுமன்றம் தடை போட்டிருக்கிறது, அவ்வளவு பழைய விளையாட்டு. அந்தப் பழைய மைதானங்களைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து வரைந்ததில்லை. காற்றும் ஆடும் முயலும் செய்துவைத்ததை மனுஷன் ஆடி ஆடி, இது நல்ல இடம் என்று கண்டுகொண்டான்.

இதைச் சொன்னதால் யாரும் ஜேசிபியை எடுத்துக்கொண்டு குதிரைமொழித் தேரிக்குப் போய்விடாதீர்கள். அது காப்புக்காடு. தேரியை ஒட்டிய சொந்தப் பட்டா நிலம் போதும். தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை வேண்டவே வேண்டாம், அது நெல்லுக்குப் பிறந்த மண், தண்ணீரை விடாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் ஆகாது, கோடையில் வெடிப்பு விழுந்து பந்து உள்ளே போய்விடும். சந்தேகமாக இருந்தால் ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வற்றியிருந்தால் நல்ல நிலம்.

நிலம் கிடைத்த பிறகு எல்லாரும் செய்கிற தப்பு, எதையாவது புதிதாக யோசிப்பது. யோசிக்க வேண்டாம், காப்பி அடியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அமெரிக்காவில் நல்ல கோல்ஃப் மைதானம் உருவானதே இப்படித்தான். சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் என்று ஒருவர், சிகாகோவில் வளர்ந்தவர், 1872ல் பதினாறு வயசில் படிக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள். படிப்பு எவ்வளவு ஏறியதோ, கோல்ஃப் ஏறிவிட்டது. ஊர் திரும்பினால் அங்கே ஆட மைதானமே கிடையாது. பல வருஷம் கழித்து 1900களின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப பிரிட்டனுக்குப் போய், அங்குள்ள சிறந்த குழிகளைப் பார்த்து, அளந்து, வரைபடம் எடுத்துக்கொண்டு வந்து, லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் பக்கத்தில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற மைதானத்தை உண்டாக்கினார். 1911ல் முறைப்படி திறந்தது. அதில் ஸ்காட்லாந்து மைதானங்களின் பேர்போன குழிகள் நகலாக வந்தன: 3வது குழி பிரெஸ்ட்விக்கின் ஆல்ப்ஸ், 4வது நார்த் பெரிக்கின் ரெடான், 7வது செயின்ட் ஆண்ட்ரூஸின் ரோடு ஹோல், 13வது அதே ஊரின் ஈடன்.

இதில் எனக்குப் பிடித்தது இன்னொருவர் கதை. அந்த நிலத்தை அளக்க மெக்டொனால்ட் கூட்டிவந்த சர்வேயர் சேத் ரேனர். கோல்ஃப் ஆடாத சிவில் இன்ஜினியர். மட்டம் பார்க்கத் தெரியும், வரைபடத்தில் இருப்பதை மண்ணில் கொண்டுவரத் தெரியும், அவ்வளவுதான். 1926ல் இறப்பதற்குள் இதே ரெடானையும் ஈடனையும் ஊர் ஊராகப் போய்ப் போட்டுத் தள்ளினார். ஆக கொத்தனாருக்கு மட்டம் பார்க்கத் தெரிந்திருந்தால் கோல்ஃப் குழி வெட்டலாம், ஆடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் எதைக் காப்பி அடிக்கிறோம் என்பதில்தான் விஷயம். மெக்டொனால்ட் குழியின் உருவத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரவில்லை, அதில் இருந்த கணக்கை எடுத்தார். நான் உருவத்தை எடுத்தேன்.

ரெடானைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தன்னால் வரும். நார்த் பெரிக்கில் 15வது குழி, 190 கஜம் மாதிரி. கிரிமியப் போரில் செவாஸ்டபோல் கோட்டையில் ரெடான் என்ற முனை இருந்தது, பிரிட்டிஷ் படை 1855ல் அதன் மேல் ஏறப் போய் நன்றாக அடி வாங்கியது. அந்தப் போரிலிருந்து திரும்பிய ஒரு ராணுவக்காரர் இந்தக் குழியைப் பார்த்து வைத்த பெயர்தான் இது. கணக்கு இதுதான்: கிரீன் உங்களுக்கு நேராக இல்லாமல் கோணலாகக் கிடக்கும், முன் மூலை வலது பக்கம், பின் மூலை இடது பக்கம். சரிவு உங்களை நோக்கி வராது, உங்களை விட்டு விலகி, பின்னால் இடது மூலைக்கு ஓடும். அந்த இடது பக்கத்துக்கு முன்னால் ஆழமான பங்கர். கொடி பங்கருக்குப் பின்னால் நிற்கும். நேராகக் கொடியைப் பார்த்து அடித்தால் குறைந்தது பங்கரில், கூடியது கிரீனைத் தாண்டி ஓடிவிடும். புத்திசாலி கொடியைப் பார்க்கவே மாட்டான். வலது முன் மூலையில் இருக்கிற தோளில் பந்தைத் தாழ்வாகப் போட்டால் அது விழுந்து, இடது பக்கம் திரும்பி, சரிவில் உருண்டு உருண்டு கொடிக்குப் போய்ச் சேரும். கேரமில் ஸ்ட்ரைக்கரைக் கட்டையில் மோதவிட்டுக் காய் எடுப்போமே, அந்த மாதிரி.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு போட்டோவைப் பார்த்து, இடது பக்கம் பங்கர், கோணலாக கிரீன், எல்லாம் அச்சு அசலாகப் போட்டேன். சரிவை மட்டும் என்னை நோக்கி வைத்துவிட்டேன். டீயில் நின்று பார்த்தால் கிரீன் அப்போதுதான் அழகாகத் தெரிந்தது. அக்கா மகன், பதினாறு வயசு, பந்தைத் தூக்கி அடிக்கிற வெட்ஜ் ஒன்றை யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்து முதல் நாளே நேராக வானத்தில் தூக்கிக் கொடிக்குப் பக்கத்தில் சொத்தென்று போட்டான். "என்ன மாமா, இதுக்குப் போயா பங்கரு தோண்டுனிய?" என்றான். சரிவு எதிரே வந்ததால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றது, அதனால் வலது பக்கம் சுற்றிப் போக யாருக்கும் காரணமே இல்லாமல் போனது. மூன்று நாள் மண் வேலை வீண்.

சரி, இப்போது எப்படிச் செய்வது. டீயிலிருந்து கிரீனின் நடுவுக்கு 55 கஜம் வையுங்கள். கிரீன் 36 அடி நீளம், 20 அடி அகலம். நீளவாக்கில் ஒரு கயிறு கட்டி, அடிக்கிற திசைக்கு 45 டிகிரியில் திருப்பி, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடியுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப், அதுதான் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், அதை இரண்டு பேர் பிடித்து வலது முன் மூலைக்கும் இடது பின் மூலைக்கும் ஒன்றரை அடி வித்தியாசம் வருகிற மாதிரி குச்சியில் கோடு போடுங்கள். ரசமட்டத்தை நம்பாதீர்கள், இவ்வளவு நீளத்துக்கு அது சரிவராது. வலது முன் மூலைக்கு வெளியே பத்து அடி தூரத்துக்கு இன்னும் ஒரு அடி ஏற்றி ஒரு தோள் மாதிரி மண் கட்டுங்கள், பந்தை இடது பக்கம் திருப்பிவிடுவது அதுதான். பங்கர் தோண்டிய மண்ணையே இதற்குப் போட்டுவிடலாம், வெளியிலிருந்து ஒரு சட்டி கூட வர வேண்டாம். பங்கர் இடது நீளப் பக்கத்தை ஒட்டி, கிரீன் விளிம்பிலிருந்து நாலு அடி ஆழம்.

இன்னொன்று, இது எந்தப் புத்தகக் கணக்கிலும் வராது. 190 கஜத்தில் பந்து வந்து விழுகிற வேகத்துக்கு அது தானாக ஓடும். 55 கஜத்தில் ஓடாது, எவனாவது வெட்ஜால் தூக்கிப் போட்டுவிடுவான். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: மூன்று குழிக்கும் சேர்த்து செவன் அயர்னும் பட்டரும் மட்டும், வேறு எதையும் கொண்டுவரக் கூடாது. அந்தச் சட்டம் வந்த பிறகுதான் ரெடான் ரெடானாக ஆனது. மருமகன் நாலு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான்.

சரிவு ஒன்றரை அடி அதிகமோ என்று மைதான வேலை தெரிந்தவர்கள் கேட்பார்கள். பழைய ஸ்காட்லாந்துக் கிரீன்கள் இன்றைக்கு இருக்கிற மாதிரி கண்ணாடி வழுக்கல் கிடையாது, புல் உயரமாக இருக்கும், பந்து மெதுவாகத்தான் ஓடும். அதனால்தான் அவ்வளவு சரிவைத் தாங்கியது. இப்போதைய வேகத்துக்கு அந்தச் சரிவை வைத்தால் பந்து எங்கேயும் நிற்காது, அதனால் பல இடங்களில் பழைய கிரீனின் சரிவைக் குறைத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். நம் வீட்டுக் கிரீன் எப்படியும் மெதுவாகத்தான் இருக்கும், தைரியமாகச் சரிவு வையுங்கள்.

நிலம் எதிர்ப்பக்கம் சரிந்து கிடந்தால் அதோடு சண்டை போடாதீர்கள். முழுவதையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வலது இடது மாற்றிப் போடுங்கள், ரிவர்ஸ் ரெடான் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மெக்டொனால்டும் அசலை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. நார்த் பெரிக்கில் நடுவே ஒரு மேடு மறைப்பதால் டீயிலிருந்து கிரீன் தெரியாது, அவர் போட்டதில் தெரியும்.

அடுத்து ஈடன். செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஓல்டு கோர்ஸ் மைதானத்தின் 11வது குழி, பின்னால் ஈடன் ஆற்று முகத்துவாரம். இது ரெடானுக்கு நேர் எதிர்: சரிவு முழுவதும் பின்னாலிருந்து முன்னால், உங்களைப் பார்த்து வரும். முன்னால் வலது பக்கம் ஸ்ட்ராத் என்ற சின்ன, ஆழமான பங்கர், இடது பக்கம் ஹில் என்ற பெரிய பங்கர். பங்கருக்குப் பயந்து கொஞ்சம் கூடுதலாக அடித்துவிட்டால் கொடிக்கு மேலே போய் நிற்கும், அங்கிருந்து கீழ்நோக்கி பட்டரால் தொட்டால் போதும், பந்து வழுக்கிக்கொண்டு முன்னால் வெளியே போய்விடும். பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1921ல், பத்தொன்பது வயசில், இந்தக் குழியின் பங்கரில் மாட்டிக்கொண்டு கோபத்தில் போட்டியையே பாதியில் விட்டுப் போனார். அதே ஆள் 1927ல் அதே ஊரில், பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபனை ஜெயித்தார். அதற்கும் பிறகு அலிஸ்டர் மெக்கென்சி என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அகஸ்டா நேஷனல் மைதானம் போட்டபோது, 4வது குழிக்கு இந்த ஈடனையும் 5வது குழிக்கு ரோடு ஹோலையும் மனசில் வைத்துக்கொண்டார்கள். 1933ல் திறந்த மைதானம், ஏப்ரலில் அங்கே நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டி டிவியில் வரும்போது அந்த இரண்டு குழியையும் பாருங்கள். நிறைய மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பூர்வீகம் அதுதான்.

நமக்கு 45 கஜம், 30 அடிக்கு 30 அடி கிரீன், பின்னாலிருந்து முன்னுக்கு இரண்டு அடி இறக்கம். வலது பங்கர் ஒரு ஆள் நிற்கும் அளவு இருந்தால் போதும், ஆழம் மட்டும் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, மூன்றில் எளிதாக வெட்டி முடித்தது இதுதான்.

பங்கர் எங்கே வைப்பது என்பதற்கு ஆட்டைக் கேளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. லிங்க்ஸ் நிலத்தில் பங்கர்கள் வந்த கதையே, கடல் காற்றுக்குப் பயந்து ஆடுகள் மேட்டுக்கு மறைவாக ஒண்டிப் படுத்துப் படுத்து, புல் தேய்ந்து, மணல் வெளியே வந்து, அதைக் காற்று இன்னும் தோண்டி என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் நிலத்தில் வருஷா வருஷம் செம்மறிக் கிடை போடுவோம். ஆடி மாசத்துக் காற்றில் நின்று பார்த்தேன். ஆடுகள் மேற்கு வரப்புக்குக் கிழக்கே, ஒரே இடத்தில், ஒன்றின் வயிற்றில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு நெருக்கியடித்துப் படுத்திருந்தன. அவை எழுந்து போன பிறகு அங்கே புல் இல்லை, கையகலப் பள்ளமும் புழுக்கையும் நாலைந்து கம்பளி இழையும் கிடந்தன. மூன்றாவது குழியின் பங்கரை அங்கேதான் வெட்டினேன். கிடைக்காரப் பெரியவர், "எங்க ஆடு படுக்க எடத்த நீரு பறிச்சிட்டீரே" என்று சிரித்தார்.

ஆனால் பள்ளத்தில் பங்கர் வைக்காதீர்கள், மேட்டின் இடுப்பில் வையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் என் முதல் பங்கர் குளமாகிப் பதினைந்து நாள் நின்றது. அக்கா மகள் அதில் கப்பல் விட்டாள். ஒரு உபகாரம், தண்ணீர் நிலத்தில் எந்த வழியாக ஓடுகிறது என்று அந்த மழை கோடு கிழித்துக் காட்டிவிட்டுப் போனது. பங்கரின் அடித்தளம் அந்தக் கோட்டை விட ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும்.

பங்கரின் செங்குத்தான சுவர் செம்மண்ணில் நிற்காது, சரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் புல்பத்தையை வெட்டி செங்கல் மாதிரி அடுக்குவார்கள். பிரெஸ்ட்விக்கில் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை நட்டுவைத்திருப்பார்கள். பீட் டை என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1963ல் ஸ்காட்லாந்து போய் இதைப் பார்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு அவர் போட்ட மைதானங்கள் பலவற்றில் தண்டவாளக் கட்டைதான், அதுவே அவருடைய முத்திரையாகிவிட்டது. நமக்குக் கட்டைக்கு எங்கே போவது? பனை இருக்கிறதே. புயலிலோ வயசிலோ விழுந்த பனையாகப் பாருங்கள், நிற்கிற பனையில் கை வைக்க வேண்டாம், அதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021லேயே அரசு சொல்லிவிட்டது. வைரம் பாய்ந்த அடிமரத்தை நாலாகப் பிளந்து, உள்ளே மெத்தென்று இருக்கிற சோற்றுப் பக்கத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஒன்றரை அடி மண்ணுக்குள் போகிற மாதிரி நெருக்கமாக நடுங்கள். செதுக்காமல் விட்டால் கரையான் உள்ளே குடிவந்துவிடும்.

ரோடு ஹோலுக்கு வருவோம். ஓல்டு கோர்ஸின் 17வது குழி. டீயில் நின்றால் எதிரே ஓட்டல் வளாகத்தின் மூலை, பழைய காலத்தில் அங்கே ரயில்வே கொட்டகைகள் இருந்தன. அந்த மூலைக்கு மேலாக அடிக்கத் துணிந்தவனுக்கு அடுத்த அடி எளிது. பயந்து இடது பக்கம் ஒதுங்கினால் முதல் அடியில் ஒரு குறையும் இல்லை, இரண்டாவது அடியில்தான் வட்டியோடு கேட்கும்: கிரீன் ஒல்லியாக, கோணலாக, மேடாக இருக்கும், இடது முன்பக்கம் ரோடு பங்கர் வாயைத் திறந்துகொண்டிருக்கும், பின்னால் தார் ரோடு, அதற்குப் பின்னால் கல் சுவர். ரோட்டில் விழுந்தால் எடுத்து வைக்க முடியாது, ரோட்டில் இருந்தே அடிக்க வேண்டும். 1978 ஓபனில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டு, பட்டரால் தள்ளிய பந்து பங்கருக்குள் உருண்டு விழ, வெளியே வரமுடியாமல் மொத்தம் ஒன்பது அடியில் முடித்தார். 1984ல் டாம் வாட்சனின் பந்து கிரீனைத் தாண்டி ரோட்டுக்குப் போனது, கோப்பை செவே பாலஸ்டரோஸிடம் போனது.

இதற்கு 110 கஜம் வேண்டும், இரண்டு ஏக்கரில் இருக்கிற நீளத்தை முழுசாகச் சாப்பிடும். ஓட்டல் மூலைக்குப் பதில் எனக்கு உடங்காடு. டீயை அதற்குப் பின்னால் தள்ளி, வலது பக்கம் உடை மரங்களைத் தாண்டினால்தான் நேர் வழி கிடைக்கிற மாதிரி வைத்தேன். உள்ளே போன பந்தை மறந்துவிட வேண்டியதுதான், கையை விட்டால் முள் சும்மா விடாது. கிரீன் 40 அடிக்கு 14 அடி, இடது பக்கத்திலிருந்து வருகிறவனுக்குப் பந்து நிற்க முன்னும் பின்னுமாக அந்தப் 14 அடி மட்டுமே கிடைக்கிற கோணத்தில் திருப்பிப் போடுங்கள். கிரீனுக்குப் பின்னால் எங்கள் கிணற்றுக்குப் போகிற வண்டித்தடம், அதுதான் ரோடு. அதில் விழுந்தால் அங்கிருந்தே அடிக்க வேண்டும். ஆள் வந்தால் அடிக்கக் கூடாது, இதில் விளையாட்டே கிடையாது, கோல்ஃப் பந்து மண்டையில் பட்டால் ஆஸ்பத்திரிதான். எந்தக் குழியும் வீட்டையோ பொதுப் பாதையையோ பார்த்து இருக்கக் கூடாது.

புல் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. வளைகுடாவில் கிரீனுக்கு பெர்முடா புல் என்று பெரிய விலை கொடுத்துப் போட்டார்கள். முதல் நாள் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையாருக்குப் போடுகிற நம்ம அருகம்புல். அவர்கள் போட்டது கலப்பின ரகம், இலை இன்னும் நைசு, ஆனால் குடும்பம் அதேதான். வரப்பில் கிடைக்கிற அருகம்புல் கொடியை அரையடித் துண்டாக நறுக்கி, மேல் மண்ணில் சலித்த மணலும் மட்கிய ஆட்டுப் புழுக்கையும் கலந்து, கையகல இடைவெளியில் ஊன்றித் தண்ணீர் விடுங்கள். புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும், ஆனால் விதை மாதிரித் தூவிவிட்டுப் போகாதீர்கள், மழை அடித்துக்கொண்டு போய் எல்லாம் பங்கரில் முளைக்கும். கோரை தலை காட்டினால் கிழங்கோடு எடுங்கள், மேலாக வெட்டினால் நாலாகத் திரும்பி வரும். தள்ளிக்கொண்டு போகிற உருளைக் கத்தி மெஷினில் வெட்டுங்கள், சுழல் கத்தி மெஷின் கிரீனுக்கு ஆகாது, புல்லைப் பிய்த்துவிடும். கிரிக்கெட் பிட்ச் உருட்டுகிற உருளை எங்காவது இரவல் கிடைத்தால் வாரம் ஒரு முறை.

தண்ணீர் கட்டாது என்றால் புல்லே வேண்டாம். கிரீனில் செம்மணலைச் சலித்துப் பரப்பி, நனைத்து, உருட்டிவிட்டு ஆடலாம். புல் வருவதற்கு முன்னால் வளைகுடாவிலும் எண்ணெய் கலந்த மணலில்தான் ஆடினார்கள், பிரவுன் என்று அதற்குப் பெயர். நாம் எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம், கிணற்றுத் தண்ணீருக்குக் கேடு. பெரியப்பா கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதுதான்: ஈடனுக்கு மட்டும் புல், மற்ற இரண்டும் சித்திரையிலிருந்து மணல்.

குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். கடையில் 110 மில்லிமீட்டர் பிவிசி பைப் கேட்டால் கொடுப்பான், வீட்டு விளையாட்டுக்கு அது போதும், ஆறு அங்குலம் வெட்டி, மேல் விளிம்பு மண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே இருக்கிற மாதிரி இறக்குங்கள்.

காற்றை மறந்துவிட்டேன். நம்ம பக்கம் ஆனி ஆடியில் மேற்கிலிருந்து ஒரே சீராக அடிக்கும், காற்றாலைக்காரர்கள் சும்மாவா வந்தார்கள். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கு. எதிர்க்காற்றில் ரோடு ஹோலின் உடங்காட்டைத் தாண்டவே முடியாது, அதனால் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு டீ போட்டுவிடுங்கள், சீசனுக்கு ஒன்று. ஓல்டு கோர்ஸையே ஒரு காலத்தில் ஒரு வாரம் நேராகவும் ஒரு வாரம் தலைகீழாகவும் ஆடியிருக்கிறார்கள். நாங்களும் ஈடன் டீயிலிருந்து ரெடான் கிரீனுக்கு ஒரு முறை ஆடிப் பார்த்தோம், அது ஒரு நாலாவது குழி மாதிரி ஆனது, செலவில்லாமல்.

ஐந்தாவதாக ஆல்ப்ஸ் போடலாமா என்று யோசனை. பிரெஸ்ட்விக்கின் 17வது குழி, பெரிய மேட்டுக்குப் பின்னால் கிரீன் ஒளிந்திருக்கும், அதற்கு முன்னால் சஹாரா என்று ஒரு பங்கர், இரண்டாவது அடியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது மாதிரிதான். இப்போதைய வடிவமைப்பாளர்கள் பலருக்கு இந்த மறைவு அடி பிடிக்காது, பந்தை அடித்துவிட்டு மேடேறி ஓடிப்போய் எங்கே கிடக்கிறது என்று பார்க்கிற சந்தோஷம் எனக்குப் பிடிக்கும். கிணறு தூர் வாரிய மண் ஒரு மேடாகக் கிடக்கிறது, ஆள் உயரம், அதற்குப் பின்னால் கிரீன் வைத்தால் சரியாக இருக்கும். முன்னால் போனவர்கள் ஆடி முடித்து நகர்ந்தது பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக பிரெஸ்ட்விக்கில் ஒரு மணி வைத்திருக்கிறார்கள். பித்தளை மணி தொங்கவிட்டால் நம்ம ஊரில் ஒரு ராத்திரி தாங்காது. பழைய சைக்கிள் ரிம் ஒன்றைப் பனையில் கட்டி, பக்கத்தில் ஒரு அரையடிக் கம்பியை நூலில் தொங்கவிட்டிருக்கிறேன், மேடு இன்னும் கட்டவில்லை, ரிம் மட்டும் தயார்.